விதைக்கு ஈரம் போதும், குளம் வேண்டாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் நாற்றுக் கடைக்கு ஓர் அக்கா வந்தார். மோட்டார் சைக்கிள் கூடையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே நாற்பது மிளகாய் நாற்று இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"தம்பி, ஒரு நாளும் காய விட்டதில்ல. காலையில, மத்தியானம், வேலை முடிஞ்சு வந்து ஒரு தரம், ஊத்திக்கிட்டேதான் இருந்தேன். அப்பறமும் இப்படி."

டப்பாவைக் கையில் வாங்கினேன். செங்கல் கனம். அடியில் ஓட்டை இல்லை. ஓரமாக விரலை விட்டால் சேறு, கூடவே புளித்த வாடை. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு வெந்த கீரைத்தண்டு மாதிரி குழைந்து, நூலாக மெலிந்திருந்தது. மேலே இரண்டு இலையும் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. இதுதான் நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் மண்ணில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். காற்றில்லாமல் சதா நனைந்த மண் கிடைத்தால் அவற்றுக்குத் திருவிழா. சாய்ந்த நாற்றை எந்த மருந்தும் நிமிர்த்தாது. அக்காவிடம் அதைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அவர் சோம்பல்பட்டு அந்த நாற்றைக் கொல்லவில்லை.

செம்பனை (பாமாயில்) தோட்டத்து நாற்றங்காலில் 19 வருடம் வேலை பார்த்தேன். குழாய் பிடிக்கிற வேலையில் தொடங்கி, கடைசியில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக, வெளியே வந்தேன். இப்போது டவுனில் காய்கறி நாற்று விற்கிறேன். வீட்டுக்குள் விதை போட்டு, செத்த நாற்றோடு என்னிடம் வருகிறவர்களில் காயவிட்டவர்கள் குறைவு. மூழ்கடித்தவர்கள்தான் அதிகம். "மண்ணை எப்போதும் ஈரமாக வையுங்கள்" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று யாரும் சொல்வதில்லை. அக்கா மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

விதை முதலில் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. அந்தக் கட்டத்தில் மேல் மண் கொஞ்சம் காய்ந்தாலும் பெரும்பாலான காய்கறி விதை தாங்கிக்கொள்ளும், திரும்ப நனைந்ததும் வேலையைத் தொடரும். தோலைக் கிழித்துக்கொண்டு வேர் முனை வெளியே வந்த பிறகு கதை வேறு. கடுகு நீள வேருக்கு எங்கேயும் ஓடித் தண்ணீர் தேட முடியாது. மின்விசிறிக்குக் கீழே ஒரு மத்தியானம் காய்ந்தால் அதோடு சரி. அதே வேருக்கு மூச்சுவிடக் காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியில்தான் அந்தக் காற்று இருக்கிறது. அதையும் தண்ணீரால் நிரப்பிவிட்டால் வேர் ஈரத்தில் இருந்துகொண்டே திணறும். அதனால் விதை போட்டதிலிருந்து முளைக்கும்வரை மூடி வைத்துச் சீரான ஈரம், முளைத்த அன்றிலிருந்து மூடியை எடுத்துவிட்டுக் காற்று. இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் தப்பு.

முதல் ஈரத்தை விதை போட்ட பிறகு கொடுக்காதீர்கள், முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். நான் பயன்படுத்துவது கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), கொஞ்சம் மணல். கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் போதாது. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி வந்து தட்டில் போடுகிறவர்கள் உண்டு. நம் பக்கத்துச் செம்மண் நனைந்தால் களி, காய்ந்தால் ஓடு. பெரிய செடிக்கு அது போதும், கீரை விதை அந்த ஓடு மாதிரி இறுகிய மண்ணை முட்டித் திறக்க முடியாது.

எந்த டப்பாவானாலும் சரி, அடியில் ஓட்டை போடுங்கள். சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பா ரொம்ப வசதி, சூடான ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டால் மூடியும் தயார், தட்டும் தயார். விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போட்டால் போதும். தண்டுக்கீரை விதை கிட்டத்தட்ட மேலேயே கிடக்கும், அதனால் அதுதான் முதலில் காயும். பாகற்காய் விதை ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே இருக்கிறது, மேலே லேசாக வெளுத்ததைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மூடிய பிறகு மண்ணைவிட மூடியைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். உள்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் தொட வேண்டாம். பெரிய சொட்டாகத் திரண்டு வழிந்தால் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால் ஈரம் குறைகிறது. கோகோபீட்டும் பேசும்: நனைந்தால் காப்பித்தூள் நிறம், காய்ந்தால் வெளிர் பழுப்பு. இன்னொரு வழி, தட்டைத் தூக்கிப் பார்ப்பது. முதல் நாள் கனத்தைக் கைக்குப் பழக்கிவிட்டால் மூன்றாம் நாளே தூக்கியதும் தெரிந்துவிடும். நாற்றங்காலில் முந்தின நாள் மழை 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் மறுநாள் குழாயைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தோம், மழைமானியைப் பார்க்காமல் யாரும் குழாயைத் தொடுவதில்லை. வீட்டில் அந்த வேலையைக் கை செய்யும்.

காய்ந்துவிட்டது என்றால் மேலிருந்து ஊற்றாதீர்கள். சின்ன விதை மிதந்து ஒரு மூலையில் போய்க் குவியும். அகலமான தட்டில் ஒரு விரல்கணு உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதில் ஓட்டை போட்ட டப்பாவை வையுங்கள். தண்ணீர் தானாக மேலே ஏறும். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் மண் கறுத்துவிடும். கறுத்ததும் டப்பாவை எடுத்து வடியவிட்டு, தட்டுத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். கொட்டச் சொல்வது வேருக்காக மட்டும் இல்லை. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மிளகாய் விதை முளைக்கவும் அதே ஏழிலிருந்து பதினான்கு நாள்தான். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் போட இடமிருக்கிறது. டிங்கி வந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அபராதம் சின்ன விஷயம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அரிசி கழுவிய தண்ணீரை விதைத் தட்டில் ஊற்றாதீர்கள். வளர்ந்த கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், நானும் ஊற்றுகிறேன். முளைக்காத விதைக்கு உரமே தேவையில்லை, அது தன் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது. மாவுத் தண்ணீரைச் சாப்பிடப்போவது பூஞ்சைதான், பின்னாலேயே கறுப்புச் சிறுஈ வரும்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, சூடாக்கும் பாய் எங்கே கிடைக்கும் என்று ஒரு பையன் கேட்டான். குளிர்நாட்டுக்காரன் கவலை அது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் 25-லிருந்து 30 டிகிரி பிடிக்கும், நம் வீட்டுக் கூடத்தில் அது சும்மாவே இருக்கிறது. நம் கவலை தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் ஏறும் சூடு. அங்கே வைத்த தட்டு மூடியிருந்தால் உள்ளே அவிந்துபோகும். சாலட் கீரை விதை அந்தச் சூட்டில் முளைக்கவே முளைக்காது. குளிரான கேமரன் மலையில் அது கொழிப்பதும் நம் வீட்டில் தூங்குவதும் அதனால்தான்.

என் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார். மண்சட்டியில் வைக்கோல், காய்ந்த சாணித்தூள், ஊறவைத்த பயறு. இருட்டு மூலையில் வைத்து, சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் தெளிப்பார். சொம்பு கவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. சட்டியோ தண்ணீரை உறிஞ்சும், வைக்கோலில் காற்று ஓடும். இந்தத் தெளிப்பு விஷயத்தில் பாட்டியைப் பின்பற்றுங்கள், இருட்டு விஷயத்தில் வேண்டாம். முளைப்பாரி வெளிறி நெட்டையாக வளர்வதுதான் அழகு. மிளகாய் அப்படி வளர்ந்தால் நிற்காது. முதல் முளை தலையை வளைத்து மண்ணைத் தூக்கும்போதே மூடியை எடுத்து, நல்ல வெளிச்சம் வரும் சன்னல் பக்கமோ கார் நிறுத்தும் இடத்து ஓரமோ வைத்துவிடுங்கள். பாதி விதை இன்னும் வரவில்லையே என்று மூடியோடு காத்திருந்தால் வந்த பாதியும் போய்விடும். அதற்குப் பிறகு மேல் மண் லேசாக வெளுக்கட்டும், கீழே ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மின்விசிறி தூரத்திலிருந்து மெல்ல அசைத்தால் நல்லது, நேராக அடிக்கக் கூடாது.

முள்ளங்கி, கடுகு முளைத்ததும் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரியும். பூசணம் என்று பயந்து மொத்தத்தையும் குப்பையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். அது வேர்த்தூவி, வேரில் வளரும் மெல்லிய முடி. ஸ்பிரே போத்தலால் ஒரு தடவை அடியுங்கள், ஒட்டிக்கொண்டு மறைந்துவிட்டால் வேர்த்தூவி. மண் மேலே ஒட்டடை மாதிரி படர்ந்து, தண்ணீர் அடித்தும் நின்றால் பூஞ்சை.

இன்னொரு ஜாதி விதை இருக்கிறது, மண்ணுக்குப் போகும் முன்பே காயக் கூடாதது. கறிவேப்பிலைப் பழத்தைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது செத்த விதை. கறுத்த பழத்தின் சதையை நீக்கிவிட்டு உடனே போட வேண்டும். நம் ஊருக்குச் சோறு போட்ட கித்தா (ரப்பர்) மரத்தின் கொட்டையும் இந்த ஜாதிதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது ஏறக்குறைய 70,000 கொட்டை, முளைத்தது 3,000-க்கும் குறைவு. அதில் வந்த 22 கன்று மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தது, சில பக்கத்துக் கோலகங்சாருக்கு. அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கம் இன்னும் நிற்கும் கிழமரத்தைப் பார்க்கிறபோதெல்லாம், கப்பலிலேயே காய்ந்துபோன கொட்டைகளைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்த அக்கா. அன்றைக்கு நாற்று வாங்காமல், ஒரு பொட்டலம் விதையும் அலசிய கோகோபீட்டும் வாங்கிப்போனார். பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சாப்பாட்டு டப்பா, மூடி எடுத்தாயிற்று, இருபதுக்கு மேல் முளை. ஐந்தாறு நாற்று விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நின்றன. மேல் மண் கொஞ்சம் காய்ந்த நேரத்தில் முளைத்தால் இப்படி ஆகும். தொப்பி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தானாகக் கழன்றுவிடும், கையால் இழுக்காதீர்கள் என்று எழுதினேன்.

"ஒண்ண ஏற்கெனவே இழுத்துட்டேனே தம்பி" என்று பதில் வந்தது. தொப்பியோடு இரண்டு இலையும் கையில் வந்திருந்தன.