ஸ்க்ளீரோடெர்மா கைகளுக்குப் பந்து அமுக்கினால் போதுமா?

சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் (ஸ்க்ளீரோடெர்மாவில் தோலோடு நிற்காமல் உடம்பையும் பாதிக்கும் வகை) உள்ளவர்கள் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சைக்கு, வரும்போது, பலரது பையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். "தினமும் விடாம அமுக்கறேன்" என்பார்கள். முயற்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயில் கைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வேறு.

இந்த நோயில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிப் படிந்து தோல் தடித்து இறுகுகிறது, சிறு ரத்தக்குழாய்களும் சுருங்குகின்றன. கையில் அந்த இறுக்கம் ஒரே மாதிரி வருவதில்லை. விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி மடங்க மறுக்கும். விரலின் நடு மூட்டு நிமிர மறுக்கும். கட்டைவிரல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்தால் கை கொக்கி போல ஆகிவிடும். பந்தை அமுக்கும்போது ஏற்கெனவே மடங்கிய நடு மூட்டைத்தான் இன்னும் மடக்குகிறோம்.

ஒருவரை உள்ளங்கையை மேசையில் பதிக்கச் சொன்னேன். நடு மூட்டுகள் மேசையைத் தொடவே இல்லை. அடியில் ஒரு பென்சில் தாராளமாகப் புகுந்தது. பிடிவலிமை அவருக்கு நன்றாகவே இருந்தது. முகம் கழுவத் தண்ணீரைக் கையில் ஏந்த முடியவில்லை, பாக்கெட்டுக்குள் கை போகவில்லை. இதற்கெல்லாம் விரல் நிமிர வேண்டும்.

அதனால் நீட்டும் பயிற்சிதான் முதலில். விரல்களை நேராக வைத்துக்கொண்டு அடி முட்டியை மட்டும் மடக்குவது. மறு கையின் உதவியோடு நடு மூட்டை மெல்ல நிமிர்த்துவது. கட்டைவிரலை விலக்கி அந்த இடைவெளியை விரிப்பது. இழுவிசை தெரியும் இடத்தில் 10 விநாடி போல நிறுத்தினால் போதும். தோல் வெடிக்கும் அளவுக்கு இழுக்கவே கூடாது. விரல்கள் வீங்கி, மோதிரம் கழற்ற வராத ஆரம்பக் கட்டத்திலேயே இதைத் தொடங்குவது நல்லது. "இன்னும் விரல் நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கையை அளக்க ஹேமிஸ் என்ற சோதனை உண்டு. 9 அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; கூட்டினால் ஒரு கைக்கு அதிகபட்சம் 27. மதிப்பெண் ஏறினால் அசைவு குறைந்திருக்கிறது என்று பொருள்.

பயிற்சிக்கு முன் இளஞ்சூட்டில் உருக்கிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுப்பது பலருக்கு இதமாக இருக்கும், பயிற்சியும் எளிதாகும். ஆனால் புண் திறந்திருந்தாலோ, சூடு சரியாக உணரப்படாவிட்டாலோ மெழுகு வேண்டாம். விரலைத் தாங்கிப் பிடிக்கக் கட்டும் ஸ்பிளிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இறுகிப்போன விரலை அது இழுத்து நிமிர்த்திவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டமும் கெடும்.

கையோடு நிறுத்திவிடாதீர்கள். தோல் இறுக்கம் பரவலாக உள்ள வகையில் முழங்கையும் தோளும் சேர்ந்து இறுகும். தலை சீவுவதும் முதுகுப்பக்கம் கொக்கி மாட்டுவதும் சிரமமானால் அவற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

மற்றதெல்லாம் அன்றாட சாமர்த்தியம்: கைப்பிடியைத் தடிமனாக்குவது, சாவிக்கு நீளமான பிடி, சின்னப் பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட்ஸ் இருந்தால், விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் கையுறை நன்றாகச் சூடு காக்கும். உடம்பையும் சேர்த்துச் சூடாக வைக்க வேண்டும், கையை மட்டும் மூடினால் போதாது. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். இதில் சமரசம் இல்லை.

விரல் நுனிப் புண்ணில் சீழ் வைத்தாலோ, சூடு காட்டியும் ஒரு விரல் வெளுப்பிலோ நீலத்திலோ இருந்து மாறாமல் வலித்தாலோ, நுனி கறுத்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.