முள் ஏன் துள்ளியது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “அப்பா விட்டுப்போன எல்.பி. இசைத்தட்டுகளில் லெட் ஜெப்ளினின் இரண்டாவது ஆல்பமும் இருக்கிறது. கீறல் எதுவும் இல்லை, துடைத்துக் கழுவியும் பார்த்துவிட்டேன். ஆனாலும் முதல் பாட்டில் பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்து இறங்கும் இடத்தில் முள் துள்ளி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. மற்ற தட்டுகள் ஒழுங்காகப் பாடுகின்றன. கோளாறு தட்டிலா, பிளேயரிலா?”

படித்ததும் எனக்குத் தூக்கமே கலைந்துவிட்டது. இதே ஆல்பம் 1969ல், அதை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் தலைவர் வீட்டிலேயே இப்படித் துள்ளியதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்பவர் தட்டை வெட்டிய மனிதரே. அதற்கு வருகிறேன்.

முதலில் ஆல்பம் உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் ஜெப்ளினின் முதல் ஆல்பம் வந்தது 1969 ஜனவரியில். அந்த ஆண்டு முழுக்கக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தது. இரண்டாவது ஆல்பத்துக்காக ஓரிடத்தில் உட்கார நேரம் வாய்க்கவில்லை. லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் கொஞ்சம், லாஸ் ஏஞ்சல்ஸில் கொஞ்சம், நியூயார்க்கில் கொஞ்சம், வான்கூவரில் அவர்கள் ‘குடிசை’ என்றே கூப்பிட்ட ஒரு சின்ன இடத்தில் கொஞ்சம் என்று துண்டு துண்டாகப் பதிந்தார்கள். டேப் சுருள்களும் கூடவே ஊர் சுற்றின. கிட்டார் வாசித்த ஜிம்மி பேஜ்தான் தயாரிப்பாளர். ராபர்ட் பிளான்ட் பாட்டு, ஜான் பால் ஜோன்ஸ் பேஸ், ஜான் பான்ஹம் ட்ரம்ஸ். கடைசியில் நியூயார்க் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவில் பேஜும் ஒலிப்பொறியாளர் எடி கிரேமரும் இரண்டே நாளில் மிக்ஸ் செய்து முடித்தார்கள். முதல் பாட்டான ‘ஹோல் லாட்டா லவ்’வில் பிளான்ட்டின் குரல் எழுவதற்கு முன்பே அதே வரி எங்கோ தூரத்தில் ஆவிபோலக் கேட்கும். முன்பு பாடிப் பதிந்த குரலின் கசிவு அது. அழிக்க முடியவில்லை, அதனால் அதன் மேலேயே எதிரொலியைக் கூட்டி அழகாக்கிவிட்டார்கள். ஆல்பம் 1969 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் வெளியானது. டிசம்பரில் பீட்டில்ஸின் ‘அபே ரோட்’டை இறக்கிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது.

மிக்ஸ் முடிந்த டேப்புக்கும் கடையில் விற்கும் தட்டுக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது: மாஸ்டரிங். டேப்பில் காந்தமாக இருக்கும் ஒலியை லேக்கர் பூசிய தட்டில் பள்ளமாக வெட்டுகிற வேலை. இந்த ஆல்பத்துக்கு அதைச் செய்தவர் அப்போது இருபதுகளில் இருந்த பாப் லுட்விக். அவர் கையில் இருந்த சிக்கல் எவ்வளவு பெரியது என்பது கணக்குப் போட்டால்தான் புரியும். நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் அசந்துபோனேன்.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு. விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் ஏறக்குறைய இருபத்தொன்றரை நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மொத்தம் 716 சுற்று. விளிம்புக்கும் நடுவில் உள்ள லேபிளுக்கும் இடையே பாட்டுக்குக் கிடைக்கும் அகலம் சுமார் எட்டரை செ.மீ. வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு 0.12 மி.மீ. இதில் பள்ளத்தின் வாய் அகலமே 0.05, 0.06 மி.மீ. போய்விடும். ஒரு சுற்றுக்கும் பக்கத்துச் சுற்றுக்கும் நடுவே மிஞ்சுகிற வரப்பு ஒரு தலைமுடிப் பருமன்கூடத் தேறாது. அந்த வரப்பை உடைக்காமல் பள்ளம் இடமும் வலமும் நெளிய வேண்டும். அந்த நெளிவுதான் பாட்டு.

இப்போது பேஸுக்கு வருவோம். என்னை மயக்குகிற இடம் இதுதான். முள்ளைப் பிடித்திருந்து அதன் அசைவை மின்சாரமாக மாற்றுகிற சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதில் காந்தமும் கம்பிச்சுருளும் இருந்தால், அது தரும் மின்னழுத்தம் முள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. முள் நொடிக்கு 5 செ.மீ. என்ற உச்ச வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் நொடிக்கு ஆயிரம் முறை போய்த் திரும்ப வேண்டும், தூரம் போக அவகாசமே இல்லை. நடுக்கோட்டிலிருந்து 0.008 மி.மீ. போவதற்குள் திரும்பிவிடும். பேஸ் கிட்டாரின் அடிச்சத்தம் 50 ஹெர்ட்ஸ் என்றால் திரும்புவதற்கு இருபது மடங்கு அவகாசம். அதே வேகத்தில் 0.16 மி.மீ. போய்விடும். நம்மிடம் இருப்பதோ தலைமுடி அளவுகூட இல்லாத வரப்பு. பேஸ் கிட்டாரைத் தொட்டாலே பள்ளம் பக்கத்து வீட்டுக்குள் போய் நிற்கும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அவ்வளவு அழகு. வெட்டும்போதே பேஸை வேண்டுமென்று குறைத்து வெட்டு, கீச்சென்ற மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டு. வீட்டில் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதற்கு நேர் எதிராகச் செய்யட்டும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 1954ல் ஒரே அளவை ஒப்புக்கொண்டன. அதன்படி 50 ஹெர்ட்ஸில் அலை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 0.16 மி.மீ. 0.023 ஆகிவிடுகிறது, வரப்புக்குள் அடங்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடுகிறது. திரும்பக் கேட்கும்போது மேல் ஒலியைக் குறைப்பதால், தூசியின் கரகரப்பும் சேர்ந்து குறைகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வினைலில் ஏதோ உயிர் குடியிருக்கிறது, எண்களாக மாற்றினால் அது போய்விடும் என்று நம்புகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் ரசனையை மதிக்கிறேன், அந்த நம்பிக்கையை ஏற்க முடியவில்லை. நாம் கேட்கிற ஒவ்வொரு எல்.பி.யும் ஒரு கணக்குப்படி சுருக்கப்பட்டு, அதே கணக்குப்படி விரிக்கப்பட்டதுதான். அதன் அழகு அந்தக் கணக்கில் இருக்கிறது.

இருப்பது ஒரே பள்ளம், இதில் இரண்டு ஸ்பீக்கருக்கும் வேறு வேறு ஒலி எப்படி என்றும் சிலர் கேட்பதுண்டு. பள்ளம் ‘வி’ வடிவில் இருக்கிறது, ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்வு. ஒரு சுவர் இடது ஸ்பீக்கருக்கு, மற்றது வலதுக்கு. இரண்டிலும் ஒரே ஒலி என்றால் முள் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். இந்தப் பாட்டின் நடுவில் ஒலி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுழலும் இடத்தில் உங்கள் முள் மேலும் கீழுமாகவும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை யோசித்தவர் ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன். காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1931ல். ஸ்டீரியோ எல்.பி.கள் சந்தைக்கு வந்தது 1950களின் கடைசியில். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1942ல் ரேடார் சோதனை விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். ‘இதனால் உடனே என்ன பயன்?’ என்ற ஒரே கேள்வியை வைத்து ஆய்வுத் திட்டங்களுக்குப் பணத்தை நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால் நூற்றாண்டுக் காத்திருப்பு நினைவுக்கு வரும். 1931ல் அந்தக் கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இருந்திருக்காது.

சரி, முள் எப்போது துள்ளும்? முள் ஒரு மெல்லிய தண்டின் நுனியில் இருக்கிறது. தண்டின் மறுமுனையை ஒரு ரப்பர் துண்டு பிடித்திருக்கிறது. ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி. பள்ளம் முள்ளைப் பக்கத்தில் தள்ளத் தள்ள, அது திருப்பித் தள்ளும். தள்ளும் தூரம் இரட்டித்தால் எதிர்ப்பும் இரட்டிக்கும். சுவர் 45 பாகை சாய்வு என்பதால் விதி மிக எளிது: உராய்வை விட்டுவிட்டால், பக்கவாட்டு விசை, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பிளேயர் கையின் எடையால் கீழே அழுத்தும் விசையைத் தாண்டிய கணத்தில் முள் சறுக்குமரத்தில் ஏறுகிற பிள்ளைபோலச் சுவரில் ஏறத் தொடங்கும். வரப்பைத் தாண்டினால் அடுத்த சுற்று. நல்ல கார்ட்ரிட்ஜில் ரப்பர் இளக்கமாக இருக்கும். ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தமே போதும். மலிவான பெட்டி பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜில் அது விறைப்பாக இருக்கும். விறைப்பான ஸ்பிரிங்கும் கனமான கையும் சேர்ந்தால் கை முழுவதுமே பேஸுக்கு ஏற்ப ஆட்டம் போடும். பெரிய பேஸ் அலைதான் பள்ளத்தை அதிக தூரம் தள்ளுகிறது. அதனால்தான் முள் கீச்சுக்குரலில் துள்ளாது, ட்ரம்ஸில் துள்ளும்.

இந்த இடத்தில்தான் லுட்விக் ஒரு முடிவெடுத்தார். டேப்பில் கேட்டது அப்படியே தட்டில் வரவேண்டும் என்று அளவைக் கூட்டி வெட்டினார். ஒலியளவை 3 டெசிபல் கூட்டினால் நெளிவின் அகலம் 1.4 மடங்காகும். வரப்பு பத்தாது. ஆனால் வெட்டும் லேத்துக்கு ஒரு வசதி உண்டு. வெட்டப்போகும் ஒலியை, டேப்பைப் படிக்கும் இன்னொரு ஹெட் சற்று முன்பாகவே கேட்டுவிடும். பெரிய அடி வருகிறது என்றால் லேத் முன்கூட்டியே விலகி இடம் விடும், அமைதியான இடத்தில் நெருக்கி வெட்டி அந்த இடத்தை மீட்டுக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த அவகாசத்துக்குள் இத்தனையும் நடக்கும். அப்படி வெட்டிய தட்டை ஒழுங்கான பிளேயரில் போட்டால் பான்ஹமின் அடி நெஞ்சில் விழும். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

லுட்விக் சொன்ன கதை இது. அட்லாண்டிக் தலைவர் அகமத் எர்டகன் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் தன்னுடைய மலிவான சின்ன பிளேயரில் போட்டாள். முள் துள்ளியது. நிறுவனம் தட்டில் குறை என்று நினைத்து, பேஸைக் குறைத்து அளவையும் இறக்கி வேறொரு வெட்டுக்கு ஏற்பாடு செய்தது. பிறகு பெருவாரியாகக் கடைக்குப் போனது அந்த அடங்கிய வெட்டுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. கோளாறு ரப்பரில் இருந்தது, தண்டனை பாட்டுக்குக் கிடைத்தது.

நான் சிறுவனாக இருந்தபோது மாமா வீட்டுப் பெட்டி பிளேயரில் முள் துள்ளினால் அவர் சட்டைப் பையிலிருந்து நாலணா எடுத்துக் கையின் தலைமேல் வைப்பார். துள்ளல் நிற்கும். மேலே சொன்ன விதியின் நேர் பயன்பாடு அது: கீழ் அழுத்தத்தைக் கூட்டினால் முள் சுவரில் ஏறாது. இரண்டரை கிராம் நிக்கல் காசு. ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் முள்ளின் கூர்நுனி தொடுகிற இம்மி இடத்தில் இறங்குகிறது. மாமாவின் தட்டுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. பள்ளத்தின் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது. மேல் ஒலிகள் தேய்ந்துபோய்விட்டன.

அதனால் கடிதம் எழுதிய நண்பரே, காசு வைக்காதீர்கள். பிளேயர் சமதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அழுத்தம் எத்தனை கிராம் என்று தெரிந்துகொண்டு சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முள் பழையதென்றால் மாற்றுங்கள், ரப்பர் வயதானால் விறைத்துப்போகும். அதற்கு முன் தட்டைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழுவழுப்பான வெற்றிடம் ஒன்று இருக்கும். லுட்விக் வெட்டிய முதல் அமெரிக்க அச்சுகளில் அங்கே, கையால் கீறியதுபோல, இரண்டு எழுத்துகள் இருக்கும்: ஆர், எல். ராபர்ட் லுட்விக் என்ற அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகள்; பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம். இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.