ஈர்ப்பை அளந்த கோபுரம்: பழைய கட்டடத்துக்குள் நவீன ஆய்வுக்கூடம்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள ஜெபர்சன் இயற்பியல் ஆய்வுக்கூடம் 1884இல் எழுந்த சிவப்புச் செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அக்காலத்துக் கல்லூரிக் கட்டடங்களில் அதுவும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அதன் மேற்குப் பகுதிக்குள் ஒரு கோபுரம் இருக்கிறது. அதற்குத் தனி அஸ்திவாரம். சுற்றியுள்ள கட்டடத்தில் நடப்பவர்களின் காலடி அதிர்வும் கதவு அறையும் அதிர்ச்சியும் அதற்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். திட்டமிட்டவர் ஜான் ட்ரோபிரிட்ஜ் என்ற இயற்பியல் பேராசிரியர். என்ன சோதனை நடக்கப்போகிறது என்று தெரியாமலேயே, வருங்காலத்தில் யாருக்கோ அசையாத ஓர் உயரம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கட்டிவைத்த அந்தத் தொலைநோக்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தப் பகுதியில் இரும்பையும் தவிர்க்கப் பார்த்தார்கள். ஆணிகூட இரும்பில் வேண்டாம் என்பது எண்ணம். அக்காலத்தில் காந்தப்புலத்தையும் மின்னோட்டத்தையும் அளந்தவை மெல்லிய காந்த ஊசிகள். அருகில் இரும்பு இருந்தால் ஊசி அதன் பக்கம் சாய்ந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. செங்கல்லுக்குச் சிவப்பு நிறம் தருவதே இரும்பு ஆக்சைடுதான். சூளையில் வெந்த கல் ஆறும்போது, அந்த நேரத்தில் அங்கிருக்கும் பூமியின் காந்தப்புலத்தைச் சிறிதளவு தனக்குள் பதித்துக்கொள்ளும். தொல்லியலாளர்கள் பழைய சூளைகளின் காலத்தைக் கணிப்பதற்கு இந்தப் பதிவே உதவுகிறது. ஆக, ஆணியை விலக்கலாம். செங்கல் சுவரின் காந்தத்தை முழுதாக விலக்க முடியாது.

கோபுரத்தை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் எட்வின் ஹால். மின்கடத்திகளில் அவர் கண்ட 'ஹால் விளைவு' இன்று எண்ணற்ற மின்னணு உணரிகளில் இருக்கிறது. 1902இல் அவர் சுமார் 23 மீட்டர் உயரத்திலிருந்து உலோகக் குண்டுகளைத் திரும்பத் திரும்ப விழவிட்டார். பூமி சுழல்வதால் கோபுரத்தின் உச்சி அதன் அடியைவிடச் சற்று வேகமாகக் கிழக்கே நகர்கிறது. அந்தக் கூடுதல் வேகத்தோடு விழும் குண்டு, நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் கிழக்கே தள்ளி விழ வேண்டும். கணக்குப்படி 1.8 மில்லிமீட்டர், அவருக்குக் கிடைத்த சராசரி ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்.

கோபுரத்தின் பெருமைக்குரிய நாள்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தன. ராபர்ட் பவுண்டும் அவருடைய மாணவர் க்ளென் ரெப்காவும் 1959இல் ஒரு கேள்வியோடு அங்கே வந்தார்கள்: மேலே ஏறும் ஒளி, ஈர்ப்பை எதிர்த்து ஏறுவதால் ஆற்றலை இழக்கிறதா? இழக்க வேண்டும், அதன் அதிர்வெண் குறைய வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. ஆனால் அவர்களிடம் இருந்த உயரம் 22.5 மீட்டர். அந்த உயரத்தில் எதிர்பார்க்கும் மாற்றம், ஆயிரம் லட்சம் கோடியில் வெறும் இரண்டரைப் பங்கு.

அவ்வளவு சிறியதை எப்படி அளப்பது? இரும்பு-57 என்ற ஐசோடோப்பின் அணுக்கரு, 14.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிடும். காமாக் கதிரும் ஒளியின் ஒரு வகைதான். அதே ஆற்றலுள்ள கதிர் வந்தால் இன்னொரு இரும்பு-57 அணுக்கரு அதை விழுங்கும். தனித்து நிற்கும் அணு, கதிரை வெளியிடும்போது பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கொஞ்சம் ஆற்றலை இழக்கும். அணு திடமான படிகத்துக்குள் பிணைந்திருந்தால், அந்த உதையை முழுப் படிகமும் வாங்கிக்கொள்ள, இழப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். 1958இல் ருடால்ஃப் மோஸ்பௌவர் கண்டறிந்த விளைவு இது. இதனால் கதிரின் அதிர்வெண் மிக மிகக் கூர்மையாகிவிடுகிறது. இரும்பை விலக்கிக் கட்டிய பகுதியில், இரும்பே அளவுகோலாக வந்து நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கோபுரத்தின் ஒரு முனையில் கதிர்மூலம், மறுமுனையில் விழுங்கும் படலம், அதன் பின்னால் எண்ணும் கருவி. ஈர்ப்பால் அதிர்வெண் மாறினால் விழுங்குவது சற்றுக் குறையும். மூலத்தைச் சரியான வேகத்தில் நகர்த்தினால், நகரும் மூலத்தின் அதிர்வெண்ணை மாற்றிக் காட்டும் டாப்ளர் விளைவு அந்த மாற்றத்தை ஈடுசெய்துவிடும். அந்த வேகம் நொடிக்கு முக்கால் மைக்ரோமீட்டர். நாள் முழுவதும் நகர்ந்தாலும் ஆறரை சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. நடைமுறையில் மூலத்தை மேலும் கீழும் அதிரவிட்டு, இரு திசைகளிலும் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தார்கள். பிறகு மூலத்தையும் படலத்தையும் இடம் மாற்றி வைத்து அளந்தார்கள். ஏறும் கதிருக்கும் இறங்கும் கதிருக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால், ஈர்ப்புக்குச் சம்பந்தமில்லாத பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். நடுவிலுள்ள காற்று கதிரை விழுங்காமலிருக்க, கோபுரத்தின் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை செய்து அதில் ஹீலியம் நிரப்பினார்கள்.

எல்லாவற்றையும்விடத் தொந்தரவு தந்தது வெப்பநிலை. சூடான படிகத்தில் அணுக்கள் வேகமாக அதிர்கின்றன. வேகமாக அசையும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் விதி அவற்றுக்கும் பொருந்தும். மூலத்துக்கும் படலத்துக்கும் ஒரு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தாலே, தேடிக்கொண்டிருந்த ஈர்ப்பு மாற்றத்துக்கு ஏறக்குறைய இணையான போலி மாற்றம் வந்துவிடும். இதைத் தனியாகக் கண்டறிந்து எழுதியவர், அப்போது கேம்பிரிட்ஜில் இருபது வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன். ஹார்வர்டிலும் அதை உணர்ந்துவிட்டார்கள். கோபுரத்தின் மேலும் கீழும் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்து கணக்கில் கழித்தார்கள். 1960 ஏப்ரலில் முடிவு வெளியானது. இருவழி வித்தியாசம் ஆயிரம் லட்சம் கோடியில் 4.92 பங்கு இருக்க வேண்டிய அளவீட்டில் 5.13 பங்கு கிடைத்தது, பிழை எல்லை பத்தில் ஒரு பங்கு. சில ஆண்டுகளில் பவுண்டும் ஜோசப் ஸ்னைடரும் அதை நூற்றில் ஒரு பங்குக்குக் குறைத்தார்கள்.

நொடிக்கு முக்கால் மைக்ரோமீட்டர் என்ற வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய ஆய்வுக்கூடங்களைப் பார்க்க வேண்டும். சாதாரண அலுவலகத் தளத்துக்கு நொடிக்கு 400 மைக்ரோமீட்டர் வரை அதிர்வு வேகம் ஏற்கத்தக்கது என்று பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைக்கும் அறைக்கோ 3 மைக்ரோமீட்டர் அளவில் கேட்கிறார்கள். நூறாண்டுப் பழைய கட்டடத்தில் அப்படியோர் அறையை உருவாக்குவது பெரிய வேலை.

பழையவர்கள் இதற்குத் தங்கள் வழிகளைக் கண்டிருந்தார்கள். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் திட்டமிட்டு 1874இல் திறந்த கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், தரைத்தளத்து மேசைகளைத் தரைப்பலகையைத் தொடாமல் தனித் தூண்கள் தாங்கின. பக்கத்தில் ஒருவர் நடந்தால் பலகைதான் அதிரும், மேசை அதிராது. 1920களில் அதே இடத்தில் பியோத்தர் காபிட்சா என்ற இயற்பியலாளர் செய்ததோ இன்னும் அழகு. மிக வலிமையான காந்தப்புலம் வேண்டி, ஒரு மின்னாக்கியை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குக் குறுக்குச்சுற்றாக்கினார். அந்த நொடியில் இயந்திரம் பலமாக உதைக்கும். அந்த உதையைத் தடுப்பதற்குப் பதிலாக, சோதனைச் சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்ச்சி அலை தரைவழியே நொடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் வேகத்தில் வந்து சேருவதற்குள் சோதனையே முடிந்துவிடும். அறையின் நீளம் அங்கே கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டது.

இன்று பெரும்பாலும் காற்றுச் சுருள்வில்கள்தாம். ரப்பர் வளையத்தில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுக் கையை மிக வேகமாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். மெதுவாக, வளையத்தின் இயல்பான தாளத்தில் ஆட்டினால் கல் உங்கள் கையைவிட அதிகமாகக் குதிக்கும். கனமான மேசையை அழுத்தக் காற்றின் மீது மிதக்கவிடும்போது அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 1 ஹெர்ட்ஸ் ஆகிறது. 10 ஹெர்ட்ஸில் தளம் அதிர்ந்தால், அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மேசைக்குப் போகும். ஆனால் 1 ஹெர்ட்ஸுக்கு அருகில் வரும் மெதுவான ஆட்டத்தை இதே அமைப்பு பெருக்கிவிடும். அதற்கு உணரிகளை வைத்து, ஆட்டத்தை அளந்து, எதிர்த்திசையில் தள்ளும் மின்பொறிகள் வேண்டும்.

எனவேதான் பழைய கட்டடங்களில் விலையுயர்ந்த நுண்ணோக்கிகள் நிலவறைக்கு இறங்குகின்றன. மண்ணின் மீது நேரடியாகக் கிடக்கும் கான்கிரீட், தூண்களுக்கு நடுவே தொங்கும் தளத்தைப்போல் ஊசலாடாது. அங்கேயும் 1884இன் கவலை திரும்ப வருகிறது: லிஃப்ட் ஏறி இறங்கும்போது அதன் இரும்பு எடை சுற்றியுள்ள காந்தப்புலத்தை அசைக்கும், நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றை அதற்கேற்ப விலகும்.

வேதியியல் கூடங்களின் பாடு வேறு. அங்கே பிரச்சினை காற்று. ஃப்யூம் ஹூட் என்று சொல்லும் கண்ணாடிக் கதவுப் பெட்டியின் வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அதைவிட மிக வேகமானால் நிற்பவரின் உடலைச் சுற்றிச் சுழல்கள் எழுந்து நச்சுப்புகையை வெளியே இழுத்துவிடும். ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் கதவு திறந்திருந்தால் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று வெளியேறும். 120 கன மீட்டர் கொள்ளும் ஓர் அறையின் காற்று முழுவதையும் அது ஐந்தரை நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். அதைச் சுழற்றி மறுபடி பயன்படுத்தவும் கூடாது. அத்தனையும் புதுக் காற்றாக வர வேண்டும். ஒரு பெட்டிக்கே ஏறக்குறைய கால் மீட்டர் விட்டமுள்ள குழாய் தேவை. பழைய கட்டடங்களின் உயரமான கூரையும் பயனற்றுப்போன புகைபோக்கிகளும் இங்கே கைகொடுக்கின்றன. புதுக் கட்டடங்களில் தாழ்ந்த கூரைக்கு மேல் இத்தனை குழாய்களை அடுக்கப் பொறியாளர்கள் படும் பாட்டைப் பார்த்தால், பழைய கட்டடக் கலைஞர்கள் தாராளமாக விட்டுச்சென்ற உயரம் எவ்வளவு பெரிய கொடை என்பது புரியும்.

பவுண்டுக்கும் ரெப்காவுக்கும் 22.5 மீட்டர் தேவைப்பட்ட அளவீடு பின்னர் மளமளவென்று சுருங்கியது. 2010இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஒளியின் அதிர்வெண்ணைத் தாளமாகக் கொண்டு ஓடும் அணுக் கடிகாரங்கள், 33 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே ஈர்ப்பால் ஓட்டம் மாறுவதைக் காட்டின. 2022இல் அதே நகரின் ஜிலா ஆய்வு நிறுவனத்தில் குளிர்ந்த ஸ்ட்ரான்ஷியம் அணுக்களின் ஒரே தொகுப்புக்குள், ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் அதே மாற்றத்தை அளந்துவிட்டார்கள். இவ்வளவு நுட்பம் கைக்கு வந்த பிறகு கட்டடத்தைப் பற்றிய கேள்வி புதிதாக எழுகிறது. ஒரு கடிகாரத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் அது பத்தாயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு வேகமாக ஓடும். இரு நகரங்களில் உள்ள இரு பல்கலைக்கழகங்கள் தங்கள் கடிகாரங்களை அந்த நுட்பத்தில் ஒப்பிட வேண்டுமானால், இரண்டு மேசைகளின் உயரத்தையும் அந்தந்த இடத்து ஈர்ப்பையும் சேர்த்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும். ஆகவே நில அளவையாளர்கள் மட்டக்கருவியோடு ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, சுவரில் உயரக் குறி பதித்துவிட்டுப் போகிறார்கள். சோதனை முடிவைக் கணக்கிடும்போது அந்தக் குறியின் உயரமும் கணக்கில் சேர்கிறது.