பதில் தெரிந்தாலும் கொஞ்சம் பொறுங்கள்

டீம் லீட், ஷிப்ட் சூப்பர்வைசர், பிராஞ்ச் மேனேஜர் என்று முதல் முறையாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஓஎம்ஆர் ஐடி கம்பெனி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப், ஒரகடம் பக்கத்து ஆலை என்று எங்கே போனாலும் முதல் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள்: “புதுசா யோசிக்கிற திறமையை எப்படி மேடம் வளர்த்துக்கிறது?”

மனதாரக் கேட்கிற கேள்வி அது. ஆனால் பதவி உயர்வு வந்த அன்றே அந்தக் கேள்வியின் திசை மாறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேற்று வரை உங்கள் யோசனை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்தார்கள். இன்றிலிருந்து உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களின் யோசனை உங்கள் முன்னால் வந்து பிழைக்கிறதா, அங்கேயே சாகிறதா என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவரை ஏன் லீட் ஆக்குகிறார்கள்? கேட்டவுடன் பதில் சொல்கிறவர் என்பதால்தான். பிரச்சினை வந்தால் முதலில் கைதூக்கியவர், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாலும் தீர்வு சொன்னவர். அந்தப் பழக்கத்தோடேயே அவர் மீட்டிங்குக்குத் தலைமை தாங்கப் போகிறார். “சரி, இது இப்படித்தான் செய்யணும்னு நினைக்கிறேன். யாருக்காவது வேற ஐடியா இருக்கா?” யாருக்கும் இருக்காது. நம் ஊரில் மேலதிகாரி ஒன்றைச் சொன்ன பிறகு வேறொன்றைச் சொல்வது எதிர்த்துப் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொண்டுதான் எல்லோரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். டீமில் யாருமே யோசிப்பதில்லை என்று லீட் என்னிடம் வந்து வருத்தப்படுவார்.

அம்பத்தூரில் ஒரு மெஷின் ஷாப். நைட் ஷிப்டில் மட்டும் ஒரு பாகம் அளவு தப்பி ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தது. புதிதாகச் சூப்பர்வைசர் ஆன இளைஞர் கெட்டிக்காரர். டூல் தேய்ந்திருக்கும் என்று மாற்றச் சொன்னார், ஆபரேட்டர்கள் தூங்கி வழிகிறார்கள் என்று ரவுண்ட்ஸைக் கூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மெஷின் பக்கத்தில் போய் நின்று, அங்கே ரொம்ப காலமாக வேலை பார்க்கும் ஆபரேட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வாயைத் திறக்கக் கூடாது.

“அண்ணே, நைட்ல இந்த மெஷின்ல வேலை பார்க்கறதுல எது கஷ்டமா இருக்கு?”

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசருக்குப் பேச வாய் துறுதுறுத்தது எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் சொன்னார்: “ஏர் கன் ஹோஸ் பின்பக்கம் எட்டாது சார். பகல்ல ஹெல்ப்பர் இருக்கான், பிரஷ் போட்டுத் தள்ளுவான். நைட்ல ஆள் இல்ல. ஃபிக்சர்ல சில்லு தங்கிடுது, அதுமேல பாகத்தை வெச்சா எப்படி நேரா உக்காரும்?”

ஃபிக்சர் என்பது பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு; வெட்டும்போது விழும் சில்லை அதிலிருந்து ஊதித் தள்ளத்தான் ஏர் கன். ஹோஸை நீளமாகப் போட்டார்கள், ரிஜெக்‌ஷன் குறைந்தது. இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, “நீங்க டூலை மாத்துன்னுதானே சார் சொன்னீங்க” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஐடி அலுவலகங்களில் மெஷின் சத்தம் இல்லை என்பதைத் தவிர நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அங்கே இன்னொரு தடை சேர்ந்துகொள்கிறது: மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும். திருவண்ணாமலையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வந்து இரண்டு வருடமாக நன்றாகக் கோட் எழுதும் பெண், மனதில் வாக்கியத்தைக் கோர்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அதே பெண் கீழே டீக்கடையில் தோழியிடம், “அந்த ஸ்க்ரீனையே எடுத்துட்டா என்ன? கஸ்டமர் ஏன் ரெண்டு தடவை ஓடிபி போடணும்?” என்று சொல்லிக்கொண்டிருப்பார். டீமின் சிறந்த யோசனை டீ கிளாஸோடு அங்கேயே முடிந்துபோகும். எல்லோருக்கும் தமிழ் தெரிந்த டீம் என்றால் யோசனை கேட்கும் சுற்றைத் தமிழில் நடத்துங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். கிளையன்ட்டுக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வேறு மொழிக்காரர்கள் இருந்தால் எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்குவது கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கான சலுகை என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லும் பிரெயின்ஸ்டார்மிங் முறையைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன். அதை 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, அதே எண்ணிக்கையில் ஆட்கள் தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் கிடைத்தன. காரணத்தை 1987-ல் ஜெர்மனியில் டீல், ஷ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது; காத்திருக்கும்போது யோசனை நழுவிவிடுகிறது. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தைவிட இந்தக் காத்திருப்புதான் அதிகம் கெடுத்தது என்பது அவர்கள் கண்டது.

அதனால் தாளும் பேனாவும் கொடுங்கள். ஜெர்மனியில் 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் வகுத்த ஒரு முறை எனக்குப் பிடிக்கும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும்; அவர் அதைப் படித்து அதன்மேல் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனை. அதில் நூறு தேறாது, பரவாயில்லை. லீட் தன் தாளைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்.

சரி, ஒரு யோசனை வந்துவிட்டது. அது பெரும்பாலும் அரைகுறையாகத்தான் வரும். “இதெல்லாம் போன வருஷமே டிரை பண்ணியாச்சு” என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த ஆள் அடுத்த ஆறு மாதம் வாய் திறக்க மாட்டார். நானே இப்படி அடங்கிப்போன எத்தனையோ பேரிடம் தனியாகப் பேசியிருக்கிறேன். அவர்களுக்கு அந்த வாக்கியம் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அதற்குப் பதிலாக, “இன்னும் கொஞ்சம் சொல்லுங்க” என்று ஆரம்பியுங்கள். அப்புறம் எவ்வளவு சின்னதாக இதைச் சோதிக்கலாம் என்று அவரையே கேளுங்கள். ஒரு மெஷின், ஒரு ஷிப்ட். ஒரு கிளை, ஒரு வாரம். தோற்றாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை என்கிற அளவு.

மனிதர்கள் வாய் திறக்கிறார்களா என்பது யோசனைக்கு மட்டுமல்ல, தவறுகளுக்கும் பொருந்தும். ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்கள் குழுவாக வேலை செய்வதை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பார்த்தவுடன் குழப்பம்தான். அங்கே தவறைச் சொன்னால் வசவு விழாது என்பதால் சொன்னார்கள்; மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் டீமில் சில மாதங்களாகப் பிரச்சினையே வரவில்லை என்றால் சந்தோஷப்படும் முன் இதை யோசித்துப் பாருங்கள்.

“நான் கேட்டால் போதுமா, எனக்கு மேலே இருப்பவர்கள் விட வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமானது. பெரம்பூர் ஐசிஎஃப் 1955-லிருந்து ரயில் பெட்டி செய்துவருகிறது. தனி இன்ஜின் இல்லாத, பதினாறு பெட்டிகள் கொண்ட ‘ட்ரெயின் 18’ அங்கிருந்து வெளியே வந்தது 2018 அக்டோபரில். சோதனை ஓட்டத்தில் 180 கிலோமீட்டர் வேகம் தொட்டது. 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே வந்தே பாரத் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில் உருவானபோது ஐசிஎஃப்பில் பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணி, ரயில்வே வாரியத்தில் போய் அனுமதி கேட்டு வாங்கி வந்தார். அதன் பிறகுதான் பொறியாளர்கள் சுமார் ஒன்றரை ஆண்டில் அதைச் செய்து முடித்தார்கள். அந்தப் பதவி உங்களிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அளவில், ஒரு ஷிப்ட் சோதனைக்காக மேனேஜர் அறைக் கதவைத் தட்டுவது உங்கள் வேலை, உங்கள் ஆபரேட்டரின் வேலை அல்ல.

உங்கள் சொந்த யோசனைக்கும் இடம் வேண்டும், அதை மறக்கவில்லை. மனம் ஒரு பிரச்சினையைக் கொஞ்ச நாள் சும்மா சுமந்து திரிந்த பிறகுதான் விடை தட்டுப்படும் என்று ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926-லேயே எழுதினார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைத்தான் போன் தின்றுவிடுகிறது. உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் வருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். ஒரே விடையுள்ள புதிர்களுக்கு நடை உதவவில்லை. ஆகவே பட்ஜெட்டை மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆட்களை எப்படி மாற்றி அமைப்பது என்பதை நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ போனில்லாமல் நடந்துகொண்டே யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் சந்திக்கும் ஊழியர்களுக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக மனதில் ஆறாமல் இருக்கும் புண், தான் சொன்ன யோசனை லீடின் பிரசன்டேஷனில் லீடின் யோசனையாக வந்ததுதான். பலர் அதோடு வேறு வேலை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மேனேஜருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் “டீம் யோசனை” என்று பொதுவாக எழுதாமல், சொன்னவரின் பெயரை எழுதி அவரையும் சிசியில் வையுங்கள். அப்ரைசல் படிவத்திலும் அதே பெயர் வரட்டும். ஏற்றுக்கொள்ள முடியாத யோசனை என்றால், ஏன் முடியாது என்பதை அந்த வாரத்துக்குள் அவரிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.