இசைத்தொகுப்பு விளம்பரம்: பக்கத்தில் யார் முன்னால் நிற்பது?

தீபாவளி மலருக்கும் தைப்பூசச் சிறப்பிதழுக்கும் விளம்பரங்கள் தயாராகும் மாதங்களில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) இளைஞர்கள் என் வடிவமைப்புக் கடைக்கு வருவார்கள். உறுமி மேளக் குழுவின் பக்திப் பாடல்கள், நண்பர்கள் சேர்ந்து பதிவுசெய்த ராப் ஆல்பம், கோயில் பஜனைக் குழுவின் முதல் சிடி என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்டூடியோவுக்குக் கட்டணம் கட்டியவர்கள், எஞ்சிய பணத்தை ஒரு பக்க விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இசைத்தொகுப்பு விளம்பரத்தை வாழ்த்து விளம்பரம் போலச் செய்துவிடுகிறோம். வாழ்த்து விளம்பரம் நமக்குப் பழகிய வடிவம்: மேலே குத்துவிளக்கு, நடுவில் ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’, சுற்றிலும் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் பட்டமும் பதவியும். மரியாதை செலுத்துவது அதன் வேலை. எல்லார் முகமும் இடம்பெற்றால்தான் அது நிறைவேறும். இசைத்தொகுப்பு விளம்பரத்தின் வேலை வேறு. இதழைப் புரட்டுகிறவர் அந்தப் பக்கத்தில் நிற்கப்போவது சில நொடிகள்தான். அதற்குள் ஒரு படமும் ஒரு பெயரும் அவர் மனத்தில் பதிய வேண்டும். பிறகு தைப்பூசக் கடையிலோ கைப்பேசித் திரையிலோ அதே படத்தைக் காணும்போது ‘இதைத்தானே பார்த்தோம்’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

இசைத்தட்டுகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் வெறும் பழுப்புத்தாள் உறைகளில்தான் விற்கப்பட்டன. 1940 வாக்கில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் ஓவியம் தீட்டிய அட்டையைக் கொண்டுவந்தார். விற்பனை கூடியது, மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. அதன்பின் அட்டையே தொகுப்பின் முகமாகிவிட்டது. பிரிட்டனில் 1952 முதல் 2018 வரை வார இதழாக அச்சில் வந்த என்எம்இ, 1986 முதல் 2020 வரை வந்த கியூ போன்ற இசை இதழ்களின் பழைய பிரதிகள் கிடைத்தால் விளம்பரப் பக்கங்களை மட்டும் பாருங்கள். அட்டைப்படமோ, அதே படப்பிடிப்பில் எடுத்த இன்னொரு படமோ பக்கத்தை ஆளும். கலைஞரின் பெயர் பெரிதாக, தொகுப்பின் பெயர் அதற்கடுத்து, வானொலியில் கேட்டுப் பழகிய ஓரிரு பாடல்களின் பெயர்கள், வெளியாகும் நாள், கீழ் ஓரத்தில் நிறுவனச் சின்னமும் கிடைக்குமிடமும். அட்டையில் உள்ள எழுத்துருவும் நிறமும்தான் விளம்பரத்திலும் இருக்கும்.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஓர் எளிய கணக்கும் உண்டு. அட்டை சதுரம், இதழ்ப் பக்கம் நெடுக்கு. ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. அட்டையை முழு அகலத்துக்கு வைத்தால் கீழே 87 மில்லிமீட்டர் மிஞ்சும். சொல்ல வேண்டிய அத்தனையும் அந்த 87க்குள் அடங்க வேண்டும். படுக்கைவாட்டில் அரைப்பக்கம் என்றால் இடது பக்கம் 148 மில்லிமீட்டர் சதுரம், வலது பக்கம் 62 மில்லிமீட்டர் பத்தி. எதை விடுவது என்று திணறுகிறவர்களுக்கு முதலில் இந்த அளவைத் தாளில் வரைந்து காட்டிவிடுவேன். இடம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, நன்கொடையாளர் படங்கள். “அண்ணே, தலைவர் படம் இல்லாவிட்டால் நாளைக்குக் கோயிலில் எப்படித் தலைகாட்டுவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அவர் கொடுத்த பணத்தில்தான் பதிவே நடந்திருக்கும். ஆனால் பாடகரின் படத்துக்குச் சமமாக ஏழெட்டு முகங்கள் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யார் பாடினார் என்று வாசகருக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டிய இடம் சிடியின் உள்தாள், வெளியீட்டு விழா அழைப்பிதழ், விழா மேடை. அங்கே பெரிய படமாகவே போடுங்கள். இதழ் விளம்பரத்தில் அடியில் ஒரே வரியில் பெயர்கள் போதும். தலைவரிடம் இதை நேரில் போய்ச் சொன்ன குழுக்கள் உண்டு. பாட்டு நாலு பேரைச் சேர வேண்டும் என்று அவரும் விரும்புகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பெயர்களில் எது பெரிதாக வர வேண்டும் என்பதில் மேலை இதழ்களின் வழக்கத்தை அப்படியே எடுக்கத் தேவையில்லை. அங்கே கலைஞர் பெயருக்கு முதலிடம், ஏனெனில் ரசிகர் அந்தப் பெயரைத் தேடித்தான் வாங்குகிறார். உறுமி மேளத்தில் இது நமக்கும் பொருந்தும். குழுவின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். முதல் தொகுப்பு போடும் தனிப்பாடகருக்கு இது பொருந்தாது. அவருடைய பாட்டு ஒன்று மின்னல் எஃப்எம் வானொலியில் ஒலித்திருந்தால் அந்தப் பாட்டின் பெயர்தான் அவருக்கு அறிமுகச் சீட்டு. அதைப் பெரிதாகப் போடுங்கள்.

பக்தித் தொகுப்புகளில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இணையத்திலிருந்து எடுக்கும் முருகன் படம். தேடினால் முதலில் வருகிற அதே நீல மயில், அதே பொன்வேல். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று கடை மேசையில் பாருங்கள்: வெவ்வேறு குழுக்களின் சிடிகள் ஒரே படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த குழுவின் சிடியை எடுத்துக்கொண்டு போவார். அது மட்டுமல்ல, அந்த ஓவியத்துக்கு ஓர் ஓவியர் இருக்கிறார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டைக் காப்பது போலவே ஓவியத்தையும் புகைப்படத்தையும் காக்கிறது. நம் பாட்டைத் திருடிப் பதிவேற்றுகிறார்கள் என்று குமுறுகிற நாம் இன்னொருவர் படத்தைக் கேட்காமல் எடுக்கலாமா? உங்கள் ஊர்க் கோயிலின் வேலாயுதத்தை நல்ல வெளிச்சத்தில் நீங்களே படமெடுங்கள். உறுமியின் தோலில் வளைந்த குச்சி உரசும் இடத்தை நெருங்கி எடுங்கள். வேறு யாரிடமும் இல்லாத படம் அது.

இனி எழுத்து. இங்கேதான் இரவல் மரபு நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. ஆங்கில விளம்பரங்களில் கலைஞர் பெயரைப் பெரிய எழுத்துகளில் இடைவெளி விட்டுப் பரப்புவது வழக்கம்; பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதே இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்தால் எழுத்தே உடைந்துபோகும். ‘கொ’ என்ற ஓரெழுத்து கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவே, கால் மறுபக்கம் என்று மூன்றாகச் சிதறும். கால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். படிக்கிறவர் ஒரு கணம் தடுமாறுவார். அந்தக் கணத்தில் பக்கம் புரண்டுவிடும். தமிழில் கம்பீரம் வேண்டுமானால் எழுத்தின் தடிமனிலும் அளவிலும் தேடுங்கள். முடிந்தால் தொகுப்பின் பெயரை ஓவியர் ஒருவரைக் கொண்டு கையால் எழுதச் சொல்லி, அதையே அட்டை, விளம்பரம், பேனர் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் பழைய பதிப்புகளில் வேலை செய்கிறவர்கள், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வடிவங்களாக) மாற்றிவிடுங்கள்.

புள்ளியையும் கவனியுங்கள். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து ராப் ஆல்பங்களுக்குப் பிடித்தமானது. அச்சின் நான்கு மைகளையும் கலந்து அந்தக் கறுப்பை உண்டாக்கினால், ஒரு மை இம்மியளவு விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் கசிந்துவிடும். முதலில் அடைபடுவது புள்ளி. ‘கண்ணன்’ என்ற பெயர் ‘கணணன’ என்று அச்சாகி வரும். சிறிய எழுத்து வரும் பகுதியில் பின்னணியைத் தனிக் கறுப்பு மையாக வையுங்கள். எழுத்தைச் சற்றுத் தடிப்பாக்குங்கள். எழுத்தின் அளவு ஒன்பது பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

இசை இதழ்களில் நட்சத்திரக் குறிகளும் விமர்சகரின் ஒரு வரிப் பாராட்டும் விளம்பரத்தில் இடம்பெறுவதுண்டு. அந்த நட்சத்திரங்களை ஓர் இதழ் உண்மையிலேயே கொடுத்திருக்கும்; இதழின் பெயரும் கீழே இருக்கும். நம்மிடம் வரும் வரைவுகளில் ஐந்து நட்சத்திரம் இருக்கும், கொடுத்தவர் யார் என்று இருக்காது. இதை நான் செய்து தருவதில்லை. வாங்குகிறவரை ஏமாற்றும் பொய் அது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான தகவல் தருவது குற்றமும் ஆகும். பாராட்டு உண்மையாகவே வேண்டுமா? தொகுப்பை முன்கூட்டியே ஓர் அறிவிப்பாளருக்கோ இசை ஆசிரியருக்கோ அனுப்பி, அவர் எழுதித் தந்ததை அவர் சம்மதத்தோடு பெயரிட்டுப் போடுங்கள். அதேபோல் ‘பேரண்டல் அட்வைசரி’ (பெற்றோருக்கு எச்சரிக்கை) என்ற கறுப்பு வெள்ளைச் சீட்டை அலங்காரமாக ஒட்டாதீர்கள். அது அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் வணிகச் சின்னம். நம் பாட்டில் கெட்ட வார்த்தையே இல்லாதபோது அது எதற்கு?

வெளியாகும் நாளை ‘விரைவில்’ என்று எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல். நாளும் மாதமும் வேண்டும். கியூஆர் குறியீடு வைத்தால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு வையுங்கள். அச்சிட்ட தாளில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே விடுங்கள். பக்கத்தின் நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் பிளீட் (வெட்டிவிடுவதற்கான கூடுதல் ஓரம்), படங்களின் நுணுக்கம் 300 டிபிஐ, நிறம் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறம்). இவற்றை எந்த அச்சகமும் சொல்லிவிடும்.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களுக்கு அந்த 87 மில்லிமீட்டரில் கட்டாயம் ஒரு வரி ஒதுக்குங்கள். நம் ஊர்களில் வரி எழுதுகிறவர் பலமுறை பணம் வாங்காமல் எழுதித் தருகிறவர். அவர் பெயர் அச்சில் வரும் ஒரே இடம் இதுவாக இருக்கக்கூடும்.

கோப்பு தயாரானதும் அசல் அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, பழைய இதழ் ஒன்றின் நடுவே செருகி, உங்கள் குழுவைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் புரட்டக் கொடுங்கள். புரட்டி முடித்ததும் அந்தப் பக்கத்தில் யார் பெயரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நன்கொடையாளர் பெயரையோ அச்சகத்தின் பெயரையோ சொன்னால் கோப்பை அனுப்பாதீர்கள். இதழிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுபடி கடைக்கு வாருங்கள்.