அந்தக் கடதாசிகளை எடைக்கு விற்காதீர்கள்

இறந்தவரின் கடதாசிகளை எடைக்குப் போட்டுவிட்ட வீடுகளில், இந்த வருடத்தில் இது மூன்றாவது. அப்பா சட்டத்தரணி, பிரெஞ்சுப் புத்தகங்களும் படங்களும் சேர்த்தவர், வந்து பார்க்கிறீர்களா என்று நல்லூரிலிருந்து மகள் கேட்டபோது, நான் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். போனால் அலுமாரி துடைத்துப் பளபளவென்று இருக்கிறது, புத்தகங்கள் உயர வரிசையில், படங்கள் சுவரில். கடிதங்களும் பில்லுகளும் குறிப்புக் கொப்பிகளும் இருந்த றங்குப்பெட்டி மட்டும் வெறுமையாக. "அதெல்லாம் குப்பை அண்ணை, பழைய பேப்பர்காரரிட்டக் குடுத்திட்டம்." 1995 யுத்த இடப்பெயர்வில் அந்தச் சட்டத்தரணி சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோய், பிறகு பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்த பெட்டி அது.

பெறுமதி புத்தகத்தில், கடதாசி குப்பை என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அச்சடித்த புத்தகம் ஆயிரக்கணக்கில் உண்டு. அதே பதிப்பு பாரிஸ் நூலகத்தில் இருக்கும், பழைய புத்தகக் கடையிலும் இருக்கும். அதை யாழ்ப்பாணத்து அப்புக்காத்து ஒருவர் ஏன் வாங்கினார், யாரிடம் கேட்டு எழுதினார், வழக்குக் காசில் எவ்வளவு ஒதுக்கினார் என்பது அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருந்தது. சுவரில் தொங்கும் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சுப் படத்தின் கீழே பென்சிலால் 23/75 என்று எழுதியிருக்கிறது. எழுபத்தைந்து பிரதிகளில் இருபத்துமூன்றாவது, சரி. ஆனால் வாங்கிய பில்லு இல்லாமல் அது எந்த வழியால் இங்கே வந்தது என்று இனி யார் சொல்வது?

புத்தகம் ஒன்றுக்குள் ஒரேயொரு பில்லு தப்பியிருந்தது. திகதி கிழிந்துவிட்டது, ஆனால் விலைக்குப் பக்கத்தில் 'என்எஃப்', அதாவது புதிய பிராங்க், என்ற குறி. 1960இல் பழைய நூறு பிராங்கைப் புதிய ஒன்றாக்கிய பிறகு சில வருடங்கள்தான் அப்படி எழுதினார்கள், ஆகவே காலம் பிடிபட்டது. அதே புத்தகத்தில் 96ஆம் பக்கம்வரை தாள்மடிப்பு வெட்டப்பட்டிருந்தது, அதற்கப்பால் ஒட்டியபடி. பிரெஞ்சுப் புத்தகங்கள் அந்நாளில் மடிப்பு வெட்டாமலே விற்பனைக்கு வரும், வாசிப்பவர்தான் கத்தியால் வெட்டிக்கொண்டு போவார். அவர் எதுவரை வாசித்தார் என்பது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. தயவுசெய்து மிச்சத்தைக் குசினிக் கத்தியால் வெட்டிவிடாதீர்கள்.

கட்சிக்காரரின் வழக்குக் கோப்புகள் அகப்பட்டால் அவற்றை இதோடு கலக்காதீர்கள், அவை அந்த மனிதர்களின் இரகசியம். அவர் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாகவும் இருந்திருந்தால் உறுதிப் பிரதிகள் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டியவை.

அப்புறம், கட்டுகளை அவிழ்த்துத் திகதி வாரியாக அடுக்காதீர்கள். அவர் கட்டிவைத்த ஒழுங்கே ஒரு தகவல். செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு யாராலும் கழற்ற முடியாது. வெயிலில் காயவைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெல்ல எடுத்துவிடுங்கள். மாரி தொடங்குமுன் பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்திச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கறையான் வந்தால் நீங்கள் கண்டுபிடிக்க அந்தச் சாண் இடைவெளி போதும். போனில் படம் எடுத்துவிட்டோம், இனி எறியலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறியும் தாளின் பின்பக்கமும் அதில் வராது.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களை நினைத்து இன்றும் கலங்கும் ஊர் இது. இருக்கிற கடதாசிகளையும் நீங்களாக அழிவுக்குக் கொடுக்கவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மகள் அன்று பின்னேரமே பழைய பேப்பர்க் கடைக்கு ஓடினார். இரண்டு கட்டு இன்னும் போகாமல் கிடந்தது, கிலோக் கணக்கில் திரும்ப வாங்கி வந்தார். மேல் கட்டில் பிரெஞ்சில் எழுதிய கடிதமொன்றின் இரண்டாம் தாள் இருந்தது, கையெழுத்தோடு. முதல் தாள் கடலைச் சரையாகப் போயிருக்கும்.