தண்ணி ஊத்தியாச்சு, ஆனால் அம்மை முடியவில்லை

மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். மூச்சு இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழே உள்வாங்குகிறது, நிமோனியா. இதற்கு முன் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "மணல்வாரி போட்டிருந்துச்சு டாக்டர், மூணு தண்ணி ஊத்தி ஒரு மாசம் ஆச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார்.

நிறைய சம்பந்தம் இருக்கிறது.

மணல்வாரி என்கிற தட்டம்மை காற்றில் பரவும் வைரஸ். நோயாளி இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும், தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிவிடும். வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை வரவேண்டாம் என்று சொல்வது நல்ல வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே குழந்தை மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறது. அப்போது வெறும் சளி, இருமல், கண் சிவப்பு, காய்ச்சல், அங்கன்வாடிக்குக்கூடப் போய்வந்திருக்கும்.

உடம்புக்குள் நடப்பதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கும் விஷயம். மூச்சுப்பாதையில் காவலுக்கு நிற்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்குள்ளேயே புகுந்து, அவற்றிலேயே ஏறி, நெறி கட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களுக்குப் போய் அங்கே பெருகுகிறது இந்த வைரஸ். அங்கேதான் பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இருக்கின்றன, போன வருடம் வந்த சளிக்கிருமி எது, வயிற்றுப்போக்குக் கிருமி எது என்று அடையாளம் தெரிந்தவை. அவற்றில் பல அழிந்துபோகின்றன. தட்டம்மைக்கு எதிராக ஆயுள் முழுக்க எதிர்ப்பு கிடைக்கும், மற்றதில் பலவும் உடம்புக்கு மறந்துபோகும். உடம்பின் இந்த நினைவை நம்பியே வேலை செய்யும் காசநோய்த் தோல் பரிசோதனை, தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு வேலை செய்யாமல் போவதை வியன்னாவில் ஃபான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் 1908-லேயே கவனித்தார். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு இந்த இழப்பு இல்லை.

அந்தப் பையனுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். அவன் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதத்துக் கட்டமே காலி.

சரி, ஊசி விஷயம். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசியில் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்குச் சரியான எதிர்ப்பு வராமல் போகலாம், அதற்காகத்தான் இரண்டாவது. பலர் அதைத்தான் விடுகிறார்கள், குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும், அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், ஞாபகம் இருக்காது. தவறியிருந்தால் ஐந்து வயது வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சலோ சிறு தடிப்போ வந்தால் பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும்.

அம்மை வந்துவிட்டால் சாமிக்குச் செய்வதைச் செய்யுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். வயதுக்கேற்ற அளவில் இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்போம், அது கண்ணையும் உயிரையும் காப்பாற்றும். பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதையும் நிறுத்தக்கூடாது. அப்புறம், தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் பல மாதங்களுக்கு வேகமாக மூச்சு வாங்கினாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, பேதி நிற்காமல் போனாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், இந்தக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.